மாசி மாத ஏரிக்கரைக்கு நிக்கான் மொனார்க் எம்5 8×42: பயன்பாட்டு மதிப்புரை

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். பறவை பார்க்க பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழையும் முன் இந்தப் பழமொழியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் தமிழ்நாட்டுச் சமவெளியில் நீர்ப்பறவை பார்க்க ஆண்டிலேயே சிறந்த நாட்கள் இந்தப் பின்பனி நாட்கள்தான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி பாதி வற்றி, ஓரமெல்லாம் சேறு தெரிய ஆரம்பித்திருக்கும். வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் திரும்பும் பயணத்துக்கு உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள அந்தச் சேற்றை விடாமல் கிளறிக்கொண்டிருக்கும். அவை மும்முரமாக மேயும் நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை. அந்த நேரத்தில்தான் மூட்டமும் மங்கல் வெளிச்சமும், கை வைத்த இடமெல்லாம் பனி ஈரமும். பட்டப்பகலில் கடை வாசலில் நின்று எதிர்வீட்டு மாடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பைனாகுலர் இந்த இடத்தில் பல்லைக் காட்டிவிடும்.

அந்த வேலைக்கு நடுத்தர விலைப் பிரிவில் நம்பி வாங்கக்கூடியது நிக்கான் மொனார்க் எம்5 வரிசையின் 8×42. எடை 630 கிராம். பார்வைப் பரப்பு 6.4 பாகை. மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் தூரம் 2.5 மீட்டர். கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி 19.5 மில்லிமீட்டர். உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் பத்து நிமிடம் தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. குறை இல்லாத கருவி அல்ல. ஆனால் குறை இருக்கும் இடமும் நிறை இருக்கும் இடமும் தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் வராது.

எண்களிலிருந்து தொடங்கலாம். 8 என்பது பெருக்கம். 200 மீட்டரில் நிற்கும் பறவை 25 மீட்டரில் நிற்கும் அளவுக்குத் தெரியும். 42 என்பது முகப்பு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்பக்கத்தில் வெளிவரும் ஒளிவட்டத்தின் விட்டம் இது. பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கிக் காட்டினால் கண்பக்க லென்ஸில் சின்ன வெள்ளை வட்டமாகக் கண்ணிலேயே தெரியும். உச்சிவெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். அப்போது எந்தப் பைனாகுலரும் பிரகாசமாகவே இருக்கும். விடியற்காலையில் அது ஐந்து, ஆறு என்று விரியும். வயதானவர்களுக்கு ஐந்தைத் தொடுவதே அரிது. ஆக 5.25 என்பது வீணும் ஆகாத, பற்றாக்குறையும் ஆகாத அளவு. 10×42-இல் அதே வட்டம் 4.2 ஆகக் குறையும். சட்டைப்பையில் அடங்கும் 8×25-இல் 3.1தான், மாசி மாதம் காலை ஆறே முக்காலுக்கு அதன் வழியே பார்த்தால் கிளுவையும் நாமக்கோழியும் ஒரே கரும்புள்ளி.

‘பத்து மடங்கு இன்னும் நன்றாகத் தெரியுமே’ என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். பெருக்கம் கூடும்போது கை நடுக்கமும் அதே அளவு கூடும். பனிக்காற்றில் கை விறைத்திருக்கும்போது 10×42-இல் உள்ளானின் கால் நிறத்தை நிதானமாகப் பார்க்க முடியாது. எம்5 வரிசையின் 10×42-க்குப் பார்வைப் பரப்பும் 5.6 பாகைதான். முக்காலி வைத்து ஒரே இடத்தில் உட்காருபவருக்கு அது சரி. கரையில் நடந்துகொண்டே பார்ப்பவருக்கு எட்டு போதும்.

இந்தக் கருவியின் உண்மையான பலம் நிறத்தில் தெரிகிறது. கருவால் மூக்கன் என்ற சேற்றுப் பறவையின் கூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் அத்தனையும் ஒரே சாம்பல் பழுப்பு. மாசி நடுவில் சிலவற்றின் கழுத்திலும் மார்பிலும் செங்கல் நிறம் ஏறத் தொடங்கும். பறவை முழுவதும் ஒரே நாளில் மாறுவதில்லை. பழைய சாம்பல் இறகுகளுக்கு நடுவே புதிய இறகு திட்டுத்திட்டாக முளைத்து நிற்கும். நூறு மீட்டரில், மூட்டம் பாதி விலகிய வெளிச்சத்தில், அந்தத் திட்டுகளை எம்5 பிரித்துக் காட்டுகிறது. நீண்ட நேரான அலகின் அடிப்பாதி வெளிர் சிவப்பாகவும் நுனி கறுப்பாகவும் இருப்பது, அலகை வேர்வரை சேற்றில் இறக்கி எடுக்கும்போது அதில் ஒட்டிவரும் ஈரம், இரை தொண்டையில் இறங்கும்போது கழுத்து இறகு லேசாகச் சிலிர்ப்பது எல்லாம் தெரியும். பறந்தால் இறக்கையில் வெள்ளைப் பட்டையும் வாலில் கறுப்பு நுனியும். மலிவான கண்ணாடியில் இவை வெறும் பழுப்பு மொத்தை.

காரணம் இரண்டு. முகப்பில் இ.டி. (மிகக் குறைந்த நிறப்பிரிகை) கண்ணாடி இருப்பதால் ஒளியின் நிறங்கள் அதிகம் பிரிவதில்லை. வெளுத்த வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தைப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியில் அதன் விளிம்பைச் சுற்றி ஊதா நூல் ஓடும். எம்5-இல் நடுப்பகுதியில் அது அநேகமாக இல்லை, விளிம்புக்குப் போனால் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இரண்டாவது காரணம் பிரிசம், அதாவது உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி. எம்5 போன்ற நேர்க்குழாய் வடிவப் பைனாகுலர்களில் ஒளி பிரிசத்துக்குள் இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. சேரும்போது ஒளி அலைகளின் கட்டம் தவறினால் கூர்மை குறையும். அதற்கான திருத்தப் பூச்சும், ஒளியை அதிகம் இழக்காமல் திருப்பும் மின்கடத்தாப் பல அடுக்குப் பூச்சும் இதில் உண்டு. இந்த இரண்டு பூச்சும் இல்லாத நேர்க்குழாய் வகையை விலை குறைவு என்று வாங்காதீர்கள். அதற்குப் பதில் பழைய பாணி பிதுங்கிய தோள் (போரோ) பைனாகுலரே மேல்.

இனி குறை. 6.4 பாகை என்றால் நூறு மீட்டரில் 11.2 மீட்டர் அகலம்தான் தெரியும். இதே நிறுவனத்தின் எம்7 8×42-இல் 8.3 பாகை, அதாவது 14.5 மீட்டர். காகிதத்தில் மூன்று மீட்டர் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். தலைக்கு மேல் தகைவிலான் வெட்டி வெட்டிப் பறக்கும்போதும், சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வாத்துக்கூட்டத்தைக் கிளப்பும்போதும் அந்த மூன்று மீட்டர் பெரிய விஷயம். வயல் வரப்பில் இருபது மீட்டரில் இருக்கும் வாலாட்டியைத் தேடும்போது கண்ணுக்குள் வருவது இரண்டேகால் மீட்டர் தரை மட்டும். புதிதாகப் பழகுபவர் ‘எங்கே போச்சு’ என்று தடுமாறுவது இங்கேதான்.

இதற்கு மருந்து பழக்கம். பறவையை முதலில் வெறுங்கண்ணால் பிடியுங்கள். பார்வையை அதைவிட்டு எடுக்காமல், தலையைக் குனியாமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்கு உயர்த்துங்கள். கையைப் பார்க்கக் கீழே குனிந்தால் பறவை தொலைந்தது. மரத்தில் இருக்கும் பறவைக்குக் கிளையில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்; பட்டுப்போன கொம்பு, பழைய தூக்கணாங்குருவிக் கூடு, இலவம் பஞ்சுக்காய் என்று ஏதாவது. மாசியில் பல மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் இது சுலபம்.

குறுகிய பரப்புக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பு போன்றவற்றில், ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ண வேண்டும். பெரிய ஊசிவால் வாத்துக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுவது நடக்காது. கண்ணுக்குள் தெரியும் ஒரு வட்டத்தில் எத்தனை என்று பத்துப் பத்தாக எண்ணி, கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை வட்டம் என்று நகர்த்திப் பெருக்கினால் ஓரளவு சரியான எண் கிடைக்கும். கூட்டம் ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் கலைந்தும் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

2.5 மீட்டர் கிட்டப் பார்வையும் குறிப்பிட வேண்டிய வசதி. கரையோர எருக்கில் வெந்தய வரியன் முட்டையிட வரும். அந்த வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு எருக்கே உணவு என்பதால் பூவைத் தேடி மட்டும் வருவதில்லை, இலையின் அடியையும் நாடும். இரண்டடி முன்னே போனால் பறந்துவிடும். மூன்று மீட்டரில் நின்று பார்த்தால் வயிற்றை வளைத்து இலையில் வைப்பது வரை தெரியும். காலைப் பனியில் இறக்கை நனைந்து புல்நுனியில் அசையாமல் இருக்கும் ஊசித்தும்பியையும் அப்படியே பார்க்கலாம். பிதுங்கிய தோள் வகையில் பலவற்றுக்கு நாலைந்து மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸே வராது.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நிற்கும் இடம் தவறினால் பயனில்லை. நம் கிழக்குச் சமவெளியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் பெரும்பாலான ஏரிகளின் கரை கிழக்குப் பக்கம், நீர்ப்பிடிப்பு மேற்குப் பக்கம், ஆயக்கட்டு (பாசன வயல்கள்) கரைக்குக் கிழக்கே. காலையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். பறவைகளின் நிறம் முழுசாக விழும். நம் முன்னோர் பாசனத்துக்காகப் போட்ட கரை, பறவை பார்ப்பவருக்கும் சரியான திசையில் அமைந்துவிட்டது. மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் நேர் எதிரே வரும். எல்லாப் பறவையும் நிழல் உருவம், தண்ணீர் முழுக்கக் கூச்சம். எம்5 என்றில்லை, இந்த விலையில் எந்தக் கண்ணாடியிலும் எதிர் வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும். மாலைக்கு நீர்ப்பிடிப்புப் பக்கம் சுற்றிப் போய்விடுங்கள். சூரியன் தாழ இருக்கும் நேரத்தில் பைனாகுலரைத் தவறியும் அதன் மீது ஓட்டக் கூடாது, கண் போய்விடும்.

கரையின் உச்சியில் நின்றால் வானத்தின் முன்னே நம் உருவம் நெட்டுக்குத்தாகத் தெரியும், வாத்துகள் எழும்பிவிடும். உச்சியிலிருந்து இரண்டு அடி கீழே, ஒரு கருவேல மரத்தை ஒட்டி உட்கார்ந்தால் கூட்டம் அமைதியாக மேயும். முழங்கையை முழங்காலில் ஊன்றினால் நடுக்கமும் பாதியாகக் குறையும். நின்றுகொண்டு பார்க்கும்போது முழங்கை இரண்டும் விலாவைத் தொட வேண்டும்.

ஒன்பதரை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால், வற்றிய ஏரித்தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்றில் தூரக்காட்சி நெளிய ஆரம்பிக்கும். கொசு உள்ளானுக்கு அலகு இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும். ஃபோகஸ் சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. கண்ணாடியில் பழுது என்று கடைக்குக் கொண்டு போகிறவர்களும் உண்டு. பழுது காற்றில். பெருக்கம் கூடினால் நெளிவும் கூடும். அந்த நேரத்துக்கு மரத்தடிக்கும் வயலுக்கும் போய் ஐம்பது மீட்டருக்குள் இருப்பதைப் பாருங்கள்.

இப்போது பொருத்தும் முறை. இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் தலைவலியோடு பார்ப்பவர்கள் ஏராளம். முதலில் நடுக் கீலை மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். மூக்குக்கண்ணாடி போடாதவர்கள் ரப்பர் கண்குமிழ்களைத் திருகி முழுக்க மேலே எழுப்ப வேண்டும். போடுபவர்கள் முழுக்கக் கீழே இறக்க வேண்டும். 19.5 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கும் வட்டத்தின் விளிம்பு வரை முழுசாகத் தெரியும். இந்த வசதி எம்5-இன் பெரிய பலம். சிலருக்கு முழுக்க எழுப்பினால் கறுப்பு நிழல் அடைக்கும். நடுவில் உள்ள ‘கிளிக்’ நிறுத்தங்களில் ஒன்றை முயன்று பாருங்கள்.

அடுத்து டயாப்டர், அதாவது இரண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்யும் வளையம். நாற்பது ஐம்பது மீட்டரில் கூரான விளிம்புள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பனைமரத்தின் மட்டைத் தழும்பு, மதகுச் சுவரில் எழுதியிருக்கும் எண் எதுவானாலும் சரி. வலது முகப்பு லென்ஸைக் கையால் மூடுங்கள். வலது கண்ணை மூடக் கூடாது, இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். நடுச் சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். பிறகு இடது முகப்பை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்கத்தில் உள்ள வளையத்தை மட்டும் திருகி வலது கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். அவ்வளவுதான், இனி எல்லாத் தூரத்துக்கும் நடுச் சக்கரம் மட்டும் போதும். எம்5-இல் இந்த வளையத்துக்குப் பூட்டு கிடையாது. பைக்குள் உரசி நகர்ந்துவிடும். நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டால் வெளியே எடுத்ததும் ஒரு பார்வையில் சரிபார்க்கலாம். வீட்டில் இருவர் பயன்படுத்தினால் இரண்டு நிறத்தில் இரண்டு பொட்டு.

மாசிப் பனிக்கு வருவோம். நைட்ரஜன் நிரப்பியிருப்பதால் உள்ளே ஆவி படியாது. வெளியே படியும், அதை எந்த விலையும் தடுக்காது. குளிர்சாதன அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராக ஈரக்காற்றுக்குள் வந்தால் முகப்பு லென்ஸ் வெளுத்துவிடும். புறப்படுவதற்கு இருபது நிமிடம் முன்பே பையோடு திண்ணையில் வைத்துவிடுங்கள். கரையில் திறந்த வானத்தின் கீழ் வெறும் கல்மேல் வைத்தால் கண்ணாடி வெப்பத்தை இழந்து பனி கோத்துக்கொள்ளும். மார்பில் துண்டுக்குள்ளோ ஜெர்க்கினுக்குள்ளோ தொங்கட்டும். கண்பக்கம் அடிக்கடி மங்குகிறதா? பெரும்பாலும் மப்ளர்தான் காரணம். வாயைச் சுற்றிக் கட்டினால் மூச்சு மேலே ஏறி நேராக லென்ஸில் படும். மோவாய்க்குக் கீழே இறக்கிக் கட்டுங்கள். மங்கிய லென்ஸை ஊதவோ துடைக்கவோ வேண்டாம், ஒரு நிமிடம் கண்ணிலிருந்து விலக்கிப் பிடித்தால் தானே தெளியும். உள்பக்கமே ஆவி தெரிந்தால் முத்திரை போய்விட்டது என்று பொருள். திருகாணியைக் கழற்றாமல் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டு போங்கள்.

பனியைவிடக் கெடுதலானது அறுவடைத் தூசி. தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் ஓடும் வயலைப் போல் பறவை குவியும் இடம் வேறில்லை. உண்ணிக்கொக்கு, மடையான், கரிச்சான், மைனா எல்லாம் இயந்திரத்தின் பின்னாலேயே வெட்டுக்கிளிக்கும் தவளைக்கும் ஓடும். கூடவே நெல் சுணை மேகமாகப் பறக்கும். நெல் உமியிலும் வைக்கோலிலும் சிலிக்கா அதிகம், மணலிலும் அதுதான். அது படிந்த லென்ஸை வேட்டி முனையாலோ சட்டையாலோ ஒரே ஒரு தேய் தேய்த்தால் பூச்சில் நிரந்தரக் கீறல் விழும். முறை இதுதான்: பைனாகுலரைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள். பிறகு மெல்லிய தூரிகையால் ஓரத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். அதன் பிறகும் விரல் ரேகை இருந்தால் மட்டும், லென்ஸ் திரவத்தை மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு விட்டு (லென்ஸில் நேரடியாக விடாமல்) நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள்.  கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் நின்றுவிட்டு வந்தாலும் ஈரத்துணியால் உடலைத் துடைத்தெடுப்பது அவசியம். கொசு விரட்டி களிம்பு தடவிய கையோடு தொடாதீர்கள். அதில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் இருந்தால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இளகிக் கெடும்.

பங்குனிக்குப் பிறகு பலர் பைனாகுலரைத் துணிப்பையோடு பீரோவில் வைத்துவிட்டு அடுத்த ஐப்பசியில் எடுப்பார்கள். லென்ஸில் சிலந்திவலைபோலப் பூஞ்சை ஓடியிருக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் நூறு கிராம் சிலிக்கா ஜெல்லோடு, உறை இல்லாமல் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் இளஞ்சூட்டில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம். மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது இன்னும் நல்லது.

ஊர்ப்பக்கம் இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு போவதில் கவனிக்க வேண்டியவை சில. அறுத்த வயல் காலியாகக் கிடப்பதுபோலத் தெரியும். குனிந்து பாருங்கள், தாளுக்கு நடுவே உளுந்தோ பச்சைப்பயறோ இரண்டிலை விட்டிருக்கும். அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே விதையைத் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். ஒரு பறவைக்காக உள்ளே இறங்கி நடந்தால் ஒருவருடைய பயிர் மிதிபடும். வரப்பை விட்டு இறங்காதீர்கள். ஆட்டுக்கிடை போட்ட வயல் என்றால் மந்தைக்காரரான கீதாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஓரமாக நிற்கலாம். ஆட்டுக்கிடையைச் சுற்றி ஈக்கும் உண்ணிக்கும் மஞ்சள் வாலாட்டிகள் ஓடித்திரியும். மாசிக் கடைசியில் ஆண்களின் அடிப்பகுதி எலுமிச்சை நிறமாகப் பளபளப்பதை எம்5-இல் பார்த்தால் வெகுநேரம் கண்ணை எடுக்க மனம் வராது.

ஏரிப் படித்துறையில் குளிப்பவர்களும் துவைப்பவர்களும் இருப்பார்கள். அந்தத் திசையில் பைனாகுலரை உயர்த்தவே கூடாது. அங்கேதான் அபூர்வமான பறவை இருக்கிறது என்றாலும் கூடாது. ஆடு ஓட்டிவரும் பெரியவர் “என்ன தம்பி, நிலம் அளக்கிறீங்களா?” என்று கேட்பார். “இல்லைங்க ஐயா, பறவை பார்க்கிறோம், நீங்களும் பாருங்க” என்று கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கீலை அவர் கண்ணுக்கு ஏற்ப மடக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாகத் தெரிகிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எந்த மடையில் எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது.

கழுத்துப்பட்டை 630 கிராமுக்குப் போதுமானது என்றாலும் நீளமாக விட்டால் நடக்கும்போது வயிற்றில் இடிக்கும். நெஞ்சுக்கு நடுவில் நிற்கும்படி சுருக்கிக் கட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடப்பவர்கள் தோளில் மாட்டும் குறுக்குப்பட்டை வாங்கிக்கொள்வது கழுத்துக்கு நல்லது. முகப்பு மூடிகள் உடலோடு மாட்டித் தொங்குபவை. முட்புதரில் சிக்கினால் கழன்று போகும், வீட்டுக்கு வந்ததும் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது கடை வெளிச்சத்தில் முடிவு செய்யாமல், அந்தி சாயும் நேரத்தில் போய் வெளியே எடுத்துப் பாருங்கள். தெருமுனைப் பெயர்ப்பலகையின் எழுத்து விளிம்பைக் கவனியுங்கள். கண்பக்க ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் பிரிசம் தரம் குறைவு. ஐந்து நிமிடம் தொடர்ந்து பார்த்தும் காட்சி இரண்டாகப் பிரிய முயன்றால் இரண்டு குழாயும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. அந்தத் துண்டை வாங்காதீர்கள். பிரபலமான பெயர்களுக்கெல்லாம் போலி உண்டு என்பதால் தொடர் எண்ணையும் உத்தரவாத அட்டையையும் ரசீதையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

கையில் பணம் கூடுதலாக இருந்தால் எம்7 8×42. அகன்ற பரப்பு, 2 மீட்டர் கிட்டப்பார்வை, டயாப்டருக்குப் பூட்டு. ஆனால் எடை 670 கிராம், கண் இடைவெளி 17.1 மில்லிமீட்டர். தடித்த மூக்குக்கண்ணாடிக்காரர்கள் இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பலருக்கு எம்5 தான் ஒத்துவரும். பணம் குறைவு என்றால் ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் போன்ற பிதுங்கிய தோள் வகை. 8.2 பாகை விரிந்த காட்சி, படமும் விலைக்கு மீறிய கூர்மை. ஆனால் அது நீர் புகாத கருவி அல்ல, 710 கிராம் கனம், கண் இடைவெளி 12 மில்லிமீட்டர் என்பதால் மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் குழாய்க்குள் பார்ப்பதுபோல இருக்கும். மூக்குக்கண்ணாடி போடாத, வெயில் ஏறிய பிறகு வெளியே வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கம். விடியலிலேயே கரைக்கு வந்து நிற்பவர்களுக்கு எம்5.